காமெடி போட்டா 60 சீட்டும் நிறையுது, சீரியஸ் போட்டா 17 பேரு. என்ன பண்றது?

கருவாட்டு_குடோன்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம குடோன் விஷயம் இங்க பாதி பேருக்குத் தெரியும், தெரியாதவகளுக்காக சொல்றேன். உச்சிப்புளி பக்கம் எங்க மாமா கருவாடு அடுக்கி வச்சிருந்த தகரக் கூரை குடோன், 22 அடி அகலம் 40 அடி நீளம், மூணு வருசமா சும்மா கெடந்துச்சு. உள்ள செவுத்துக்கு கருப்பு டிஸ்டம்பர் அடிச்சு, 60 பிளாஸ்டிக் சேர் போட்டு, மாசம் ஒரு தடவ சின்ன நாடகம் போடுறோம். மேடை கெடையாது, தரைதான். முத வரிசையில ஒக்காந்தா நடிக்கிறவன் வேர்வை மேல தெறிக்கும். கருவாட்டு வாசம் இன்னும் போகல, ஈரக்காத்து அடிச்சா ஜாஸ்தியாகும், அத ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப பிரச்சனை என்னன்னா, போன மாசம் ரெண்டே பேரு நடிக்கிற ஒரு காமெடி போட்டோம். ஒரு ஐஸ்பெட்டி யாருதுன்னு ரெண்டு சம்பந்திக கல்யாணத்துக்கு மொத நாள் சண்டை போடுறது, 40 நிமிசம். சேர் பத்தல, பின்னால நின்னு பாத்தாக. இந்த மாசம் சீரியஸ் நாடகம், கடல்பாசி எடுக்கப் போற ஒரு அம்மாவப் பத்தி. ரெண்டு மாசம் ஒத்திகை. வந்தது 17 பேரு. அதுலயும் 5 பேரு நடிச்ச பிள்ளைக வீட்டாளுக. இது போதாதுன்னு, எல்லாரும் கலங்கணும்னு நாங்க நெனச்ச எடத்துல பின்வரிசையில நாலு பொம்பளைக சிரிச்சிட்டாக. நடிச்ச பிள்ளை முடிஞ்சதும் வெளிய போயி ஓன்னு அழுதுருச்சு.

குழுவுல பாதி பேரு இனிமே காமெடி மட்டும் போதும்ங்குறான். மிச்ச பேரு அதுக்குத்தான் டிவி இருக்கே நாம எதுக்குங்குறான். நான் நடுவுல முழிக்கிறேன். அனுபவம் உள்ளவக சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:
கருவாட்டு குடோன்ல காமெடி நாடகம் நம்ம ஊர்லதான் நடக்கும் 😂 டிக்கெட்டுக்கு பதிலா நெத்திலி வாங்கிக்குவீகளா?

வெளிக்கடல்:
தம்பி கோவிச்சுக்காதீக, நான் தங்கச்சிமடம், போட்டு (விசைப்படகு) தொழில். பாசி நாடகம்னு கேள்விப்பட்டு நான் வரல, வேணும்னுதான் வரல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க மச்சான எல்லை தாண்டுனான்னு அந்தப் பக்கம் புடிச்சு வச்சிருந்தாக, வீட்டுப் பொம்பளைக ஆபீசு ஆபீசா அலைஞ்சு ரோட்டுல ஒக்காந்து கத்தி, ஒரு வழியா ஆளு வந்து சேர்ந்தான், போட்டு வரல. அந்த மாதிரி வேதனைய காசு குடுத்து இருட்டு ரூம்ல ஒக்காந்து திரும்ப பாக்கணுமா? சிரிக்க வச்சா வர்றோம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. நீங்க சீரியஸ் நாடகம் போட்டது சனிக்கிழமை. விசைப்படகுக்கு திங்க, புதன், சனி தொழிலுக்குப் போற நாளு. சனிக்கிழமை போனா ஞாயிறு காலையிலதான் கரை. எங்க ஆளுக எப்படி வருவாக?

கருவாட்டு_குடோன்:
அண்ணே இத நான் யோசிக்கவே இல்ல. காமெடி போட்டது ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.

வெளிக்கடல்:
பாத்தீகளா. அப்ப காமெடிக்கு கூட்டம் வந்துச்சுன்னு எப்படி சொல்றீக, ஞாயித்துக்கிழமைக்கு வந்துச்சுன்னு சொல்லுங்க. ஞாயிறு நாங்க கடலுக்குப் போறதில்ல, காலையில கோயிலு, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் என்ன பண்றதுன்னு தெரியாம கடற்கரையில சீட்டு ஆடுவோம்.

மீன்பிடித் தடைக்காலத்துல கூட நாடகம் போட்டுப் பாருங்க, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு ஆளு சும்மாதான் இருக்கும். ஆனா கையில காசு இருக்காது, டிக்கெட்ட எடுத்துட்டு உண்டியல் வச்சிருங்க.

பாசிக்காரி_மக:
நான் பாம்பன் பக்கம். ஊர் பேரு வேணாம், கண்டுபுடிச்சிருவீக. சிரிச்ச நாலு பேருல ஒண்ணு எங்க அம்மா. 😐

அம்மா ஏன் சிரிச்சுச்சுன்னு சொல்றேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. அந்த அக்கா கடல்ல எறங்குறதுக்கு முன்னாடி செருப்ப கழட்டி கரையில அழகா ஜோடியா வச்சிட்டு எறங்குனாக. பாறையில செருப்பு இல்லாம கால் வச்சா கிழிஞ்சிரும், எங்கம்மாக்கள்லாம் ரப்பர் செருப்ப போட்டுக்கிட்டுத்தான் எறங்குவாக. அப்புறம் சேலைக்கு மேல சட்டை போடல. தலைமுடிய விரிச்சு விட்டுருந்தாக, அது தண்ணிக்குள்ள முகக்கண்ணாடி போட்டா எப்படி? கையில வெள்ளையா ஒரு பேண்டேஜ உள்ளங்கைய சுத்தி கட்டியிருந்தாக, ஆஸ்பத்திரியில கட்டுற மாதிரி. நிஜத்துல பழைய துணிய நாடா நாடாவா கிழிச்சு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா சுத்தணும், அறுபடுறது விரலுதான். அம்மா அப்படியே எங்க சித்தி காதுல "இவ பாசி எடுக்கப் போறாளா பிரசவத்துக்குப் போறாளா"ன்னு கேட்டுச்சு, அதுக்குத்தான் நாலு பேரும் சிரிச்சது. நாடகத்த கேலி பண்ணல.

ஆனா ஒண்ணு கேளுங்க. கடைசிக்கு முன்னாடி, யாவாரி தராசுல பாசிய போடும்போது அந்த அக்கா ஒண்ணும் பேசாம முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாக. வசனமே இல்ல அந்த எடத்துல. அங்க எங்கம்மா என் கைய புடிச்சிருச்சு. வீட்டுக்கு வந்து ராத்திரி சோறு திங்கல. இது உங்களுக்கு இருட்டுல தெரிஞ்சிருக்காது, சிரிப்பு சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

கருவாட்டு_குடோன்:
தங்கச்சி நான் இத ரெண்டு தடவ படிச்சேன். குழுவுல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். தராசு சீன்ல மொதல்ல ஒரு பக்கம் வசனம் இருந்துச்சு, ஒத்திகையில அந்த பிள்ளைக்கு மனப்பாடம் ஆகல, அதனாலதான் வெட்டுனோம். 🙈 செருப்பு நான் சொல்லித்தான் கழட்டுச்சு, கடலுக்கு மரியாதைன்னு நெனச்சேன், முட்டாப்பய.

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
இந்த பதிவுக்கு மேல வேற என்ன சொல்றது. நான் சென்னையில எட்டு வருசம் இருந்தேன், சபா நாடகமும் பாத்திருக்கேன், மாடியிலயும் ஹால்லயும் நடக்குற சின்ன நாடகமும் பாத்திருக்கேன். சபாவுல நடிகன் 40 அடி தள்ளி நிப்பான், தாலி பொய்யா மெய்யான்னு யாருக்கும் கண்ணு தெரியாது. ஆறடியில பாக்குறவனுக்கு விரல்ல சுத்துன துணி வரைக்கும் தெரியும். சின்ன அரங்கத்துக்கு செலவு கம்மி, ஆனா பொய் சொல்ற வசதியும் கம்மி.

நம்ம ஆளுக இத புதுசா ஏதோ பண்ற மாதிரி பயப்பட வேணாம். 1977ல காந்திகிராமத்துல நாடகப் பட்டறை நடந்துச்சு, அதே வருசம் சென்னையில கூத்துப்பட்டறை, அடுத்த வருசம் அங்க பரீக்‌ஷா, இந்தப் பக்கம் மதுரையில நிஜ நாடக இயக்கம்னு குழுக்க ஆரம்பிச்சாங்க. 1980ல வங்காளத்துலேருந்து பாதல் சர்க்கார்னு நாடகக்காரரு சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து பட்டறை நடத்துனாரு, மேடை வேணாம், செட்டு வேணாம், நடிகன் ஒடம்பும் பாக்குறவன் பக்கத்துல இருக்குறதும் போதும்னாரு. காசு இல்லாதவனுக்குன்னே செஞ்ச வழி அது.

சீரியஸுக்கு ஸ்கிரிப்ட் தேடுறீங்கன்னா ஒண்ணு சொல்றேன். ஜே.எம்.சிங்னு ஒருத்தரு (சர்தார்ஜி இல்ல, அயர்லாந்துக்காரரு) எழுதி 1904ல டப்ளின்ல போட்ட ஓரங்க நாடகம், ஒரு தீவுல ஆறு மகன்களையும் கடலுக்குக் குடுத்த கெழவி கதை. மொத்தமே அரை மணி நேரம், ஒரே அடுப்படி. அதுல செத்துப்போன ஒருத்தன் யாருன்னு எப்படி கண்டுபுடிக்கிறாக தெரியுமா, தங்கச்சிக்காரி அவ பின்னுன காலுறையில விட்டுப்போன தையல எண்ணிப் பாத்து. அந்த தையல் எண்ணிக்கைதான் உங்க தராசு முள்ளு.

வெளிக்கடல்:
ஆறு மகனும் செத்துட்டானா. ரொம்ப நல்லாருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட போயி பாக்க வேண்டியதுதான்.

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
அண்ணே 😀 சரி காமெடிக்கும் சொல்றேன். ரஷ்யாக்காரரு செக்காவோட பொண்ணு பாக்குற ஓரங்க நாடகம் ஒண்ணு இருக்கு, மூணே பேரு. மாப்பிள்ளை பொண்ணு கேக்க வர்றான், கேக்குறதுக்கு முன்னாடி ஒரு புல்வெளி யாருதுன்னு பொண்ணுக்கும் அவனுக்கும் சண்டை வந்துருது, அது முடிஞ்சா யாரு வீட்டு நாய் ஒசத்தின்னு அடுத்த சண்டை. குடோன்காரரு ஐஸ்பெட்டியும் அதே ரூட்டுதான். நம்ம ஊர்ல பட்டா வரப்பு சண்டையா மாத்துனா ஒரு வரி கூட அந்நியமா இருக்காது.

பின்பாட்டு:
பிள்ளைகளா, நான் ஆர்மோனியம் வாசிச்சவன். 31 வருசம் ஸ்பெஷல் நாடகத்துக்கு பின்பாட்டு. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடின்னு இந்த ஜில்லாவுல கோயில் கொடை நடக்குற ஊரு பாதியில என் பெட்டி வச்ச தடம் இருக்கும். இப்ப வயசு 68, பேரன் டைப் பண்றான், எழுத்துப்பிழை அவனுது.

நீங்க காமெடி தனி சீரியஸ் தனின்னு பிரிச்சதே எனக்கு புரியல. எங்க நாடகம் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் போகும். வள்ளி திருமணம்னா வள்ளியும் முருகனும் ஒடனே வரமாட்டாக. மொதல்ல பபூன் வருவான், ஒத்தையா நின்னு ஜனத்த சிரிக்க வச்சு ஒக்கார வைப்பான். அப்புறம் டான்ஸ்காரியோட அவன் பண்ற காமிக். அதுக்குப் பெறகுதான் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி). நடுராத்திரியில தர்க்கம் வந்தா அதுலயும் சிரிப்பு இருக்கும், அந்த சிரிப்புக்குள்ளயே விஷயமும் இருக்கும். இன்னொரு அதிசயம் சொல்றேன், இந்த நடிகருக யாரும் ஒரே கம்பெனி இல்ல. ஒருத்தர் மதுரை, ஒருத்தர் புதுக்கோட்டை, ஒருத்தர் காரைக்குடி. ஏஜெண்டு ஒவ்வொருத்தரையா தனித்தனியா புடிப்பாரு, ஒத்திகை கெடையாது, மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தர் பாப்பாக. என்ன பேசணும்னு எல்லாருக்கும் தெரியும், எப்படி பேசணும்ங்குறது அன்னைக்கு ஒக்காந்துருக்குற ஜனத்தப் பொறுத்தது. நீங்க ரெண்டு மாசம் ஒத்திகை பாத்தீகளே, அதுல ஒரு நாளாவது பாசி எடுக்குற ஒரு அம்மாவ கூப்புட்டு ஒக்கார வச்சீகளா? ஜனம் இல்லாம ஒத்திகை பாத்தா சுருதி இல்லாம பாடுற மாதிரி.

ரெண்டாவது, உங்க பையங்க கத்துறாக. நான் ஐஸ்பெட்டி நாடகத்துக்கு வந்தேன், வாசலோரம் ஒக்காந்திருந்தேன், காது வலிச்சிருச்சு. மைக் இல்லாத காலத்துல எங்காளுக அஞ்சு கட்டை ஆறு கட்டை சுருதியில ஒசத்திப் பாடுனது கடைசி பாயில படுத்திருக்குறவனுக்கு கேக்கணும்னு. நாடக நடிகர் கிட்டப்பா மாதிரி ஆளுக அந்தக் காலத்துல பேரு வாங்குனது அப்படித்தான். 40 அடி குடோன்ல எதுக்கு கட்டை ஏத்துறீக? பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசுற மாதிரி பேசினாப் போதும். சண்டைன்னாலும் கூட, நிஜ சம்பந்திக சண்டை போடும்போது மொதல்ல குரல் எறங்கும், அப்புறந்தான் ஏறும், நீங்க கவனிச்சதில்ல?

சும்மா_வந்தேன்:
தாத்தா வேற லெவல். பேரனுக்கும் நன்றி.

கருவாட்டு_குடோன்:
ஐயா நீங்க வந்தது தெரியாமப் போச்சே, முன்னால ஒக்கார வச்சிருப்போம். பபூன் யோசனை நல்லாருக்கு. சீரியஸ் நாடகத்துக்கு முன்னால 15 நிமிசம் ஒரு சின்ன காமெடி போட்டா கூட்டம் வரும்ல?

கீழக்கரை_காக்கா:
அதாவது காமெடிய எரையா குத்தி, சீரியஸ்ல ஆள மாட்டுறது. தம்பி, தூண்டில் போடுற ஊருக்காரன்கிட்ட தூண்டில் போடாதீங்க. ரெண்டு மாசத்துல கண்டுபுடிச்சு, காமெடி முடிஞ்சதும் டீ குடிக்கப் போறேன்னு எழுந்து போயிருவான்.

பெரியவரு சொன்னது வேற. அவக பபூன் எரை இல்ல, ராத்திரி பூரா திரும்பத் திரும்ப வர்ற ஆளு.

எல்லாரும் அயர்லாந்து ரஷ்யான்னு போறீங்க. எங்க கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயர் பேருல ஒரு நொண்டி நாடகம் இருக்கு, பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, படிச்சிருக்க மாட்டீங்க. நொண்டி நாடகம்னா ஒத்தக்கால் நாடகம்னும் சொல்வாங்க. ஒரே ஆளு. ஒரு திருடன், பொம்பளை மயக்கத்துல காச விட்டு, குதிரை திருடப்போயி மாட்டி, கால வெட்டிப்புட்டாங்க, அந்த ஆளே ஒத்தக்கால்ல நொண்டிக்கிட்டு வந்து தன் கதைய தானே சொல்றான். தான் பண்ணுன அயோக்கியத்தனத்த தானே கிண்டல் பண்ணுவான், ஜனம் சிரிக்கும். கடைசியில புனிதத் தலத்துக்குப் போயி கால் திரும்பக் கிடைக்கும். திருச்செந்தூர் முருகன் பேருலயும் இதே அமைப்புல ஒண்ணு இருக்கு, எங்களுதுல மக்காவுக்குப் போறான். நொண்டிச் சிந்துன்னு சந்தமே தனி, தத்தித் தத்தி நடக்குற மாதிரி.

இப்ப சொல்லுங்க, அது காமெடியா சீரியஸா? ஒரு நடிகன், ஒரு கோலு, 300 வருசம் மேல பழசு. செட்டு செலவு பூஜ்யம். உங்க குடோனுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கு. இன்னைய பாஷையில மாத்தணும், அது கஷ்டம்தான், ஆனா ஒரு பையன் ஒரு மணி நேரம் ஒத்தக்கால மடக்கிக் கட்டிக்கிட்டு ஆறடி தூரத்துல நின்னா ஜனம் எங்க போகும்?

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
காக்கா தோத்துட்டேன். 🙏 இத நான் சென்னையில எட்டு வருசத்துல ஒரு தடவ கூட யாரும் போட்டு பாத்ததில்ல.

பின்பாட்டு:
ஒத்தக்கால மடக்கிக் கட்டுனா பத்து நிமிசத்துல மரத்துப் போகும். கட்ட வேணாம், மடக்குன மாதிரி நடிக்கச் சொல்லுங்க, எங்காளுக அப்படித்தான் பண்ணுவாக. (தாத்தா வெத்தலை போடப் போயிட்டாரு, இதோட நிறுத்துறேன்: பேரன்)

சவுண்டு_சர்வீஸ்:
நான் மண்டபத்துல ஒலி ஒளி வச்சிருக்கேன், கலை பத்தி எனக்குத் தெரியாது, பொருள் பத்தி சொல்றேன்.

ஒண்ணு, சேரு. 60 சேர் போட்டு 17 பேரு வந்தா ஆளுக்கு ஒரு மூலையில ஒக்காருவான், ஒருத்தன் சிரிச்சா இன்னொருத்தனுக்கு ஒட்டாது, அழுகையும் அப்படித்தான். வாசல்லயே தலைய எண்ணி 20 சேரு மட்டும் போட்டு மிச்சத்த அடுக்கி வெளிய வைங்க, ஆளு வர வர போடுங்க. நெருக்கி ஒக்கார வச்சா 17 பேரே 60 பேரு மாதிரி சிரிப்பான்.

ரெண்டு, லைட்டு. போட்டோவுல பாத்தேன், ஆறு பழைய பார் லைட்டு (மேடை விளக்கு) தொங்குது. ஒண்ணு 1000 வாட்டு, ஆறும் எரிஞ்சா 6000. வீட்டு லைன்ல எத்தன தடவ டிரிப் ஆச்சு, உண்மைய சொல்லுங்க. அது போதாதுன்னு ஒரு மனுசன் சும்மா ஒக்காந்திருந்தாலே 100 வாட்டு சூடு விடுவான், 60 பேருன்னா அது ஒரு 6000. தகரத்துக்கு கீழ மொத்தம் 12000 வாட்டு, கருவாடு மாதிரி நாம காய வேண்டியதுதான். எல்.இ.டி பார் நாலு வாங்குங்க, மலிவு சீனா மாடல்ல வெள்ளைய போட்டா மொகம் பச்சையடிக்கும், வாங்குறதுக்கு முன்னாடி கையில அடிச்சுப் பாருங்க. உப்புக்காத்துக்கு கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துரும், நாடகம் முடிஞ்சதும் துடைச்சு டப்பாவுல போட்டு மூடுங்க, தொங்க விட்டே வைக்காதீங்க.

மூணு, செவுத்துல முட்டை அட்டை ஒட்டியிருக்கீங்க. அது உள்ள எதிரொலிய கொஞ்சம் குறைக்கும், வெளி சத்தத்த தடுக்காது. ஐப்பசியில மழை வந்து தகரத்துல கொட்டுனா வசனம் யாருக்கும் கேக்காது, அப்ப கத்தாதீங்க, நிப்பாட்டி டீ குடுங்க.

வெளிக்கடல்:
தகரத்துக்கு கீழ கீத்து மேஞ்சா சூடும் கொறையும் மழை சத்தமும் கொறையும்ல?

சவுண்டு_சர்வீஸ்:
அண்ணே அந்தப் பேச்சே எடுக்காதீக. 2004 கும்பகோணம் மறந்து போச்சா, கூரைக் கொட்டகையில பிடிச்ச தீயில 94 பிள்ளைக. அதே வருசம் ஜனவரியில ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபம். லைட்டு சூடாகுற எடத்துல கீத்து, சாக்கு, நைலான் வலை எதுவும் வேணாம். நான் கேக்கணும்னு நெனச்சதே இதுதான்: குடோனுக்கு பின்கதவு இருக்கா?

கருவாட்டு_குடோன்:
இருக்கு, ஆனா உள்பக்கம் பலகை வச்சு அடிச்சு கருப்புத் துணி போட்டிருக்கோம். வெளிச்சம் வரக்கூடாதுன்னு.

சவுண்டு_சர்வீஸ்:
நாளைக்கே பலகைய எடுங்க. எடுத்துட்டு எனக்கு போட்டோ அனுப்புங்க. அது வரைக்கும் நான் ஒரு லைட்டும் வாடகைக்கு தரமாட்டேன்.

கருவாட்டு_குடோன்:
எடுத்தாச்சு. போட்டோ தனியா அனுப்பிருக்கேன். பலகைக்குப் பின்னால ஒரு மூட்டை பழைய சாளைக் கருவாடு இருந்துச்சு. வாசம் ஏன் போகலன்னு இப்பத் தெரிஞ்சது.

சும்மா_வந்தேன்:
😂😂😂 இத்தன நாளா அதுவும் நாடகம் பாத்துருக்கு

வக்கீல்_குமாஸ்தா:
இடையில ஒரு சட்ட விஷயம். ஏற்கெனவே ஒருத்தர் எனக்கு தனியா கேட்டிருந்தாரு, போலீஸ் ஸ்டேஷன்ல ஸ்கிரிப்ட் குடுத்து அனுமதி வாங்கணுமான்னு. இது வெள்ளக்காரன் 1876ல போட்ட நாடகச் சட்டத்துலேருந்து வர்ற பழக்கம், நம்ம மாநிலத்துல 1954ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க. பரீக்‌ஷா ஞாநி வழக்கு போட்டு, 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அதுல முக்கியமான பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிருச்சு. அதனால நாடகத்த முன்கூட்டியே காட்டி முத்திரை வாங்குற வேலை இல்ல. ஆனா வெளிய ஸ்பீக்கர் கட்டுனா அது வேற விஷயம், ராத்திரி 10லேருந்து காலை 6 வரைக்கும் கட்டக்கூடாது. குடோனுக்குள்ள மைக்கே இல்லாம பண்றீங்க, நல்லது.

உரிமை விஷயமும் பாத்துக்கங்க. எழுதுனவர் இறந்து 60 வருசம் ஆகுற வரைக்கும் அவரு வாரிசுகிட்ட கேக்கணும். நாடகம் எழுதுன பம்மல் சம்பந்த முதலியார் 1964ல காலமானாரு, அதனால 2025 ஜனவரியிலேருந்து அவரு நாடகங்கள யாரும் போடலாம். எஜமானன் வேலைக்காரன் காமெடிக்கு அவருகிட்ட போனா வெறுங்கையோட வரமாட்டீங்க. சிங், செக்காவ் ரெண்டு பேரும் நூறு வருசம் தாண்டுனவங்க, ஆனா தமிழ்ல யாராவது மொழிபெயர்த்திருந்தா அந்த மொழிபெயர்ப்புக்கு உரிமை தனி. நீங்களே பெயர்த்துக்கிட்டா தொல்லை இல்ல.

பாசிக்காரி_மக:
பொம்பளைக பக்கம் ஒண்ணு. ஏழரைக்கு ஆரம்பிக்கிறேன்னு போட்டுட்டு எட்டேகாலுக்கு ஆரம்பிச்சீக. எங்களுக்கு கடைசி டவுன் பஸ் போயிருச்சு, ஆட்டோவுக்கு குடுத்தது டிக்கெட்ட விட ஜாஸ்தி. ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள விட்டுருங்க. அப்புறம் பாத்ரூம் ஒண்ணு வேணும், பக்கத்து வீட்டுல கேட்டுப் போறது நல்லாவா இருக்கு.

கருவாட்டு_குடோன்:
பாத்ரூம் விஷயத்துல தலைகுனிஞ்சு நிக்கிறேன் தங்கச்சி. மாமாகிட்ட பேசிட்டேன், குடோனுக்குப் பின்னால கட்டுறோம்.

முடிவு பண்ணியாச்சு. அதே பாசி நாடகத்தையே திரும்பப் போடுறோம், புதுசு இல்ல. ஞாயித்துக்கிழமை ஆறு மணி. கதைய மாத்தல, ஆனா உங்கம்மாவும் சித்தியும் ஒத்திகைக்கு வந்து ஒக்காந்து என்னென்ன தப்புன்னு சொல்லணும். சும்மா வேணாம், ஒரு நாள் பாசிக் கூலி என்னவோ அதக் குடுக்குறோம். கேட்டுச் சொல்லுங்க.

மெட்ராஸ்_ரிட்டர்ன்:
திரும்பப் போடுறதா? காமெடியா சீரியஸான்னு கேட்டீங்க, பதில காணோமே?

கருவாட்டு_குடோன்:
தெரியல அண்ணே. அந்த நாலு பேரு சிரிச்சத நிறுத்தணும்னு மொதல்ல நெனச்சேன். இப்ப அந்த சிரிப்ப நாடகத்துக்குள்ள கொண்டு வர முடியுமான்னு பாக்குறேன். அவ்வளவுதான் யோசிச்சிருக்கேன்.

(மூணு வாரம் கழிச்சு)

கருவாட்டு_குடோன்:
போட்டாச்சு. வந்தது 44 பேரு. சவுண்டு சர்வீஸ் அண்ணன் சொன்ன மாதிரி சேர அடுக்கி வச்சு ஆளு வர வர போட்டோம்.

ஒத்திகைக்கு வந்த ரெண்டு அம்மாவும் மூணு நாளுல நாடகத்த பிரிச்சு மேஞ்சுட்டாக. முதல் சீன் இப்ப மூணு பொம்பளைக படகுல ஒக்காந்து விரலுக்கு துணி சுத்துறது மட்டும்தான், எட்டு நிமிசம். சுத்திக்கிட்டே புருசன்மாரப் பத்தி பேசுறாக. அந்த வசனம் பூரா அந்த அம்மாக்கள் ஒத்திகையில தானா பேசிக்கிட்டது, நாங்க எழுதல. ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சது. ஐஸ்பெட்டிக்கு கூட அப்படி சிரிக்கல. அதே கையி, அதே துணி, கடைசியில தராசுக்கு முன்னால அவுத்துப் போடும்போது குடோன்ல மூச்சு சத்தம் மட்டும்தான்.

தப்பும் நடந்துச்சு. நடுவுல கரண்டு போச்சு. நடிச்ச பிள்ளைக நிக்கல, இருட்டுலயே தொடர்ந்தாக, யாரோ செல்போன் டார்ச் அடிச்சாக, அப்புறம் பத்து பேரு அடிச்சாக. அது எனக்கு பிடிச்சிருந்துச்சு, ஆனா லைட்டு பண்ணுன பையன் இன்னும் எங்கிட்ட பேசல.

பின்பாட்டு:
வந்திருந்தேன். யாரும் கத்தல. நல்லது. நொண்டி நாடகம் போடுறதா இருந்தா சொல்லுங்க, பெட்டி துருத்தி ஓட்டைய அடைச்சு வைக்கிறேன்.

வெளிக்கடல்:
நானும் வந்தேன், சொல்லல. சிரிப்பு நாடகம்னு சொல்லி கூப்பிட்டாக வீட்ல. நல்லா ஏமாத்திட்டாக. என் வீட்டுக்காரி வர்ற வழியெல்லாம் பேசவே இல்ல, அப்புறம் வீட்டு வாசல்ல வந்து "துணி சுத்துறப்போ அவ சொன்னது உன்னையத்தான்"னா. அடுத்தது எப்ப?

பாசிக்காரி_மக:
அம்மா ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. யாவாரியா நடிச்சது யாரு வீட்டுப் பையன்? ரொம்ப நல்ல பிள்ளையா வளத்திருக்காகளாம். அவன் தராசுல நேர்மையா எடை போடுறான், நிஜத்துல தண்ணி கழிவுன்னு சொல்லி இன்னும் கழிப்பாக, அத சரி பண்ணச் சொல்லுச்சு.

கருவாட்டு_குடோன்:
என் தம்பிதான். நாளைக்கு ஒத்திகைக்கு அம்மாவ வரச் சொல்லுங்க, எப்படி கழிப்பாகன்னு அவனுக்கு காட்டட்டும்.